நப்பாக்தோஸில் நான்கு வருடம்

அவருடைய உண்மையான பெயர் எங்கள் கடைக் கோப்பில் இருந்தது. பாரிஸின் லா சப்பல் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ‘கண்டனியோ அண்ணை’ என்றால் மரக்கறிக் கடையில் நிற்பவர்கூடக் கையை நீட்டி வழி காட்டுவார். யார் எந்தச் செய்தியைக் கொண்டுவந்தாலும் அவர் முதலில் கேட்பது, கண்ணால் கண்டாயா என்ற அந்த ஒரு சொல்லைத்தான்.

“நீ கண்டனியோ?”

ஒருமுறை எங்கள் தெருவில் ஒரு கடைக் கண்ணாடியில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. படம் இல்லை, பெயரும் ஊரும் மட்டும். எல்லாருக்கும் பழக்கமான ஒரு மளிகைக் கடைக்காரரின் பெயர், அவருடைய ஊர். காலையிலிருந்து ஆட்கள் வந்து வாசித்துவிட்டு உச்சுக் கொட்டிக்கொண்டு போனார்கள். நல்ல மனுசன், போன கிழமைகூடக் கதைச்சவர் என்றார்கள். இவர் மட்டும் ரயில் ஏறி எபினே-சூர்-செய்னில் அந்தக் கடைக்காரரின் வீட்டுக்குப் போய்விட்டு, மத்தியானம் எங்கள் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

“சாரத்தோடை வந்து கதவைத் திறந்தவர். தேத்தண்ணியும் தந்தவர்,” என்றார்.

இறந்தவர் அதே ஊர்க்காரர், அதே பெயர், ஆனால் வேறு ஆள். அன்று பின்னேரம் வரை ஐம்பது பேராவது உயிரோடிருந்த மனிதருக்காகத் துக்கப்பட்டிருப்பார்கள். அதை வைத்து அவர் ஒருவரையும் நக்கலடிக்கவில்லை. போனேன், பார்த்தேன், வந்தேன் என்றதோடு சரி.

நான் வேலை செய்தது ஒரு மொழிபெயர்ப்புக் கடையில். பெரிய தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்து, கீழே மரக்கறிக் கடை, மேல்மாடியில் நாங்கள். பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு, அரசாங்கக் கடிதங்கள் எல்லாவற்றையும் முதலாளி மொழிபெயர்த்து முத்திரை குத்துவார். படிவங்கள் நிரப்பிக்கொடுப்பது என் பொறுப்பு. பாதி நாட்கள் முதலாளி நீதிமன்றங்களுக்குப் போய்விடுவார். அப்போது கடையில் நானும் பிரதி எடுக்கும் இயந்திரமும்தான்.

திங்கட்கிழமைகளில் அவர் வருவார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மாணவர்கள் நடமாடும் பகுதியில் ஒரு கிரேக்க உணவகத்தில் கோப்பை கழுவினார். திங்கள் அவருக்கு ஓய்வு நாள். நெடிய ஆள், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். வருடக்கணக்காகச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறிய விரல்கள், பிள்ளை பெற்ற வீட்டில் துணி துவைக்கும் பெண்ணின் விரல்கள் மாதிரி வெளுத்திருக்கும். யன்னலோரக் கதிரையில் உட்காருவார். வரும் கடிதங்களை என்னிடம் வாசிக்கக் கொடுப்பார். கடிதம் இல்லாவிட்டாலும் வருவார். புறநகரான ஓல்னேயில் மூன்று பேருடன் ஒரு அறையைப் பகிர்ந்திருந்தார். மற்ற மூவரும் இளம் ஆட்கள், ஓய்வு நாளில் வீட்டில் இருந்தால் சத்தமாகப் படம் பார்ப்பார்கள். அவருக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை என்பது எனக்கு விளங்க ஒரு வருடம் எடுத்தது.

“வெளியிலை மழை போல கிடக்கு, அண்ணை,” என்று நான் சொன்னால், எழுந்து யன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் “ஓம்” என்பார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு, உண்மையைச் சொன்னால், நானும் ஒரு விஷயத்தைச் சொல்லும் முன் அதை எங்கே கேட்டேன், யார் சொன்னது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

அவர் கப்பல்காரர். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் எங்கள் கரையோர ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் கிரேக்கக் கப்பல்களில் வேலைக்குப் போனார்கள். அவரும் அப்படிப் போனவர். இது எனக்குத் தெரிய வந்ததும் ஒரு படிவத்தால்தான். பிரான்சுக்கு வருமுன் எந்தெந்த நாடுகளில், எந்தெந்த ஊர்களில் வாழ்ந்தீர்கள் என்று ஒரு கேள்வி.

“நப்பாக்தோஸ்,” என்றார். “கிறீசிலை. நாலு வருசம்.”

எப்படி எழுதுவதென்று கேட்டேன். பேனாவை வாங்கி ஒரு துண்டில் கிரேக்க எழுத்தில் எழுதினார். அவருடைய தமிழ்க் கையெழுத்தைவிட அது வடிவாக இருந்தது.

அவர் வேலை செய்த கப்பலின் கம்பனி நொடித்துப்போய், அந்த வளைகுடாவில் கப்பலைக் கட்டிப்போட்டுவிட்டார்களாம். மாலுமிகள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இவர் கரையில் இறங்கி, அந்தச் சின்னத் துறைமுகத்தில் ஒரு கிழவரின் மீன்பிடி வள்ளத்தில் வேலைக்கு நின்றார். துறைமுகத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருடைய கை மேசையில் தானாகவே வட்டம் போடும்.

“இவ்வளவுதான் பிள்ளை, ஒரு பெரிய கேணி மாதிரி. வாய் சின்னது. ரெண்டு பக்கமும் கல்லுக் கொத்தளம். மேல மலையிலை கோட்டை, அந்த மதில் இறங்கி வந்து கடலுக்குள்ளை நிக்கும். கப்பல் கட்டுற இடம் எண்டுதான் அந்தப் பேருக்கு அர்த்தமாம். பழைய காலத்துக் கிரேக்கர் தங்களுக்குள்ளையே அங்கை கப்பற்சண்டை பிடிச்சவையாம். பேந்து துருக்கியரோடை ஒரு பெரிய சண்டை.”

அந்தப் பெரிய சண்டையைப் பற்றி ஒரு திங்கட்கிழமை எங்கள் கடையில் வாக்குவாதம் வந்தது. புதுச்சேரிக்காரர் ஒருவர் ஓய்வூதியக் கடிதத்தோடு வந்திருந்தார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், மிகவும் பக்தியான கத்தோலிக்கர். நாற்பது வருடம் பாரிஸில் இருந்தும் தன் ஊர்த் தமிழை விடாதவர். நப்பாக்தோஸ் என்ற பெயர் அவருக்குப் புரியவில்லை. துருக்கியரோடு நடந்த கடல் சண்டை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அட, லெப்பாந்து! அந்த ஊரத்தானே சொல்றீங்க? அது மாதா ஜெயிச்சுக் குடுத்த சண்டைங்க. ஜெபமால மாதா திருநாளே அதுக்குத்தான் வந்தது,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “மதாம், ஒங்களுக்குத் தெரியுமா, சண்ட முடிஞ்ச அதே நேரத்துல ரோமாபுரியில பாப்பரசர் சன்னல்கிட்ட எழுந்து போனாராம். வானத்தப் பாத்தாராம். ஜெயிச்சாச்சு, நன்றி சொல்லுங்கன்னாராம். சேதி வந்து சேர ரெண்டு வாரம் ஆச்சு. இவருக்கு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு.”

கண்டனியோ அண்ணை யன்னலோரத்திலிருந்து திரும்பினார்.

“அவருக்குத் தெரிஞ்சிருக்கலாம், ஐயா. அவர் காணேல்லை.”

“கண்டாருங்க. மாதா காமிச்சாங்க.”

“சண்டை நடந்தது அந்தத் துறைமுகத்திலையே இல்லை, ஐயா. நான் நாலு வருசம் அங்கை இருந்தனான். துருக்கியற்றை கப்பலெல்லாம் அங்கையிருந்து வெளிக்கிட்டுப் போனது. சண்டை நடந்தது மேற்காலை, வளைகுடா திறக்கிற இடத்திலை. துறைமுக மதிலிலை நிண்டு பார்த்தால் ஒண்டும் தெரியாது. அங்கத்தைச் சனம் வெளிக்கிட்டதைத்தான் கண்டது.”

“அப்புறம் ஏன் அந்த ஊர் பேரச் சொல்றாங்க?”

“வெளிக்கிட்டதிலை கனக்கத் திரும்பி வரேல்லை. காத்துக்கொண்டிருந்த ஊருக்குப் பேர் வந்திட்டுது போலை.”

புதுச்சேரிக்காரர் தலையை ஆட்டினார், ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று தெரியவில்லை. அவர் போன பிறகு நான் கேட்டேன், சண்டை நடந்த இடம் அதுவல்ல என்று உங்களுக்கு யார் சொன்னது என்று. அண்ணையை மடக்கிவிட்டதாக நினைத்தேன்.

“வள்ளக்காரக் கிழவன் சொன்னவன். ஒருநாள் வள்ளத்திலை அங்கை கூட்டிக்கொண்டு போகச் சொல்லிப் போய்ப் பார்த்தனான்.”

“என்ன இருந்தது?”

“ஒண்டுமில்லை. வெறும் கடல். பாதி இடத்தை ஆறு மண் கொண்டுவந்து மூடிப்போட்டுது. ஆடு மேயுது.”

இதையெல்லாம் நான் பாசத்தோடு சொல்கிறேன். ஆனால் அந்தக் ‘கண்டனியோ’ கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. இரண்டாயிரத்து ஒன்பதில் அதை லா சப்பல் முழுக்கக் கண்டது.

அந்த வருடத்தின் மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களைப் பற்றி நான் இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. தெருவில் இருந்த ஒவ்வொரு கடையிலும் ஒரு திரை ஓடிக்கொண்டிருந்தது, ஒவ்வொருவர் காதிலும் ஒரு தொலைபேசி இருந்தது, மறுபக்கத்தில் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாரிடமும் செய்தி இருந்தது. ஒருவர் சொன்னதை மற்றவர் இரண்டு மடங்காக்கினார், அல்லது பாதியாக்கினார், எது தாங்குமோ அப்படி. இவர் கடை கடையாக ஏறி இறங்கினார். யாராவது வன்னியைப் பற்றி வாய் திறந்தால் கிட்டப் போய் நின்று கேட்டார். “நீ கண்டனியோ? கண்ட ஆளோடை கதைச்சனியோ? அவர் எந்த இடத்திலை நிண்டு கண்டவர்?” பொலிஸ்காரன் மாதிரிக் கேட்கிறார் என்று சனங்கள் ஒதுங்கத் தொடங்கினார்கள்.

வைகாசி முடிந்து இரண்டு மூன்று கிழமை இருக்கும். கீழே மரக்கறிக் கடை வாசலில் ஒருவர், தன் தமக்கையின் குடும்பம் முழுதும் ஒரே பங்கருக்குள் போய்விட்டது என்று அழுதுகொண்டிருந்தார். நாலைந்து பேர் சுற்றி நின்று அவரைப் பிடித்திருந்தார்கள். இவர் அங்கே போய் அதே கேள்வியைக் கேட்டார். அந்த மனிதர் அழுகையை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்து ஒரு தள்ளு. இவர் கத்தரிக்காய்ப் பெட்டிகளின் மேல் விழுந்தார். ஒருவரும் தூக்கவில்லை. நான் மாடியிலிருந்து இறங்கி ஓடி வருவதற்குள் தானாக எழுந்து, உருண்ட காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

மேலே கூட்டி வந்து முழங்கைக் காயத்தைத் துடைத்தபடி எனக்கும் கோபம்தான். “ஏன் அண்ணை அந்த ஆளைப் போய்க் கேட்டனீங்கள்? அவர் சகோதரத்தைப் பறிகொடுத்த ஆள்.”

“நான் அவனை நம்பாமல் கேக்கேல்லை, பிள்ளை. அந்தப் பக்கத்து பங்கரிலைதான் என்ரை மனுசி இருந்தவ எண்டு கேள்வி.”

அவருக்கு மனைவி இருக்கிறார் என்பதை அப்போதுதான் முதன்முதலில் கேட்டேன்.

மனைவி ரீச்சர். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இவர் மறுபடி கப்பலுக்குப் போனார். பிள்ளைகள் இல்லை. பாரிஸுக்கு வந்து விசா கிடைத்த பிறகு வரச் சொல்லி எழுதினார். அந்த அம்மா வரவில்லை. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கேயே படிப்பித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்பார்கள். கடைசியாகக் கதைத்தது அந்த வருடம் தையில், புதுக்குடியிருப்பிலிருந்து. நாளைக்கு இடம் மாறுறம், போய்ச் சேர்ந்து எடுக்கிறன் என்றாராம். அவ்வளவுதான்.

கனடாவில் இருந்த மைத்துனர் முப்பத்தோராம் நாள் காரியம் செய்துவிட்டு இவருக்கு அறிவித்தார். இவர் கேட்டது உங்களுக்குத் தெரியும். மைத்துனர் தொலைபேசியை வைத்துவிட்டார், அதன் பிறகு எடுக்கவேயில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து, கோப்பை கழுவும் வேலையில் அவருடைய முதுகு நோகத் தொடங்கியது. முதியவர்களுக்கான குடியிருப்பில் ஓர் அறைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சமூக உதவியாளர் ஒருவர் சொன்னார். தனி அறை, தனிக் குளியல். அவருக்கு அதில் ஆசை இருந்தது, வெளியே காட்டாவிட்டாலும். படிவத்தை நான் நிரப்பினேன். குடும்ப நிலை என்ற இடத்தில் நான்கு கட்டங்கள். தனியாள், மணமானவர், மணமுறிவு பெற்றவர், துணையை இழந்தவர்.

“மணமானவர்,” என்றார்.

மனைவியின் விலாசம் கேட்டிருந்தது. புதுக்குடியிருப்பு என்று எழுதச் சொன்னார். கோப்பு திரும்பி வந்தது. மனைவியின் அடையாளப் பத்திரமும் கையெழுத்தும் வேண்டுமாம். விளக்கக் கடிதம் வைத்து மறுபடி அனுப்பினோம், மறுபடி திரும்பியது. மூன்றாம் முறை நிரப்பும்போது அவர் யன்னலோரத்தில் கண் மூடி உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கு முதுகை நிமிர்த்த முடியவில்லை. நான் ‘துணையை இழந்தவர்’ கட்டத்தில் குறி போட்டேன். அவரிடம் கேட்கவில்லை. கையெழுத்து இடத்தைக் காட்டினேன், கண்ணாடி போடாமலே போட்டுக் கொடுத்தார். என்னை அவ்வளவு நம்பினார்.

நல்லதுக்குத்தான் செய்தேன் என்று அப்போது நினைத்தேன். பாதி, அந்தக் கோப்பு முடிந்துபோக வேண்டும் என்ற என் களைப்பு. அதையும் மறைக்கக்கூடாது.

பதில் கடிதம் நேரே அவருக்குப் போனது. துணையை இழந்தவர் என்பதால் மனைவியின் மரணப் பத்திரத்தை அனுப்பும்படி. அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கக் கொஞ்சம்தான் வரும், அந்தக் கொஞ்சத்துக்குள் அந்தச் சொல் இருந்தது. திங்கட்கிழமைவரை பொறுக்காமல் வியாழக்கிழமை வந்தார். உட்காரவில்லை.

“இந்தச் சொல்லை ஆர் எழுதினது?”

“நான்தான், அண்ணை.”

“நீ கண்டனியோ?”

அதட்டலாகக் கேட்கவில்லை. மற்றவர்களிடம் கேட்கும் அதே தொனி. கண்டிருந்தால் சொல்லிவிடு, நான் கேட்டுக்கொள்கிறேன் என்பது போல. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மாடிப்படியில் அவர் காலடி மெதுவாக இறங்கிப் போனது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார், முதுகு அப்படி.

அதன் பிறகு அவர் வரவில்லை. அடுத்த திங்களும் இல்லை, அதற்கடுத்த திங்களும் இல்லை. ஒரு வருடம் தாண்டியது. தெருவில் எதிர்ப்பட்டால் தலையை அசைப்பார், நிற்கமாட்டார். வெறும் கதிரையை முதலாளி ஒருநாள் உள்ளே தூக்கி வைத்தார், நான் திரும்பவும் எடுத்துப் போட்டேன்.

அப்போதிலிருந்து, வன்னியிலிருந்து வந்தவர்கள் யார் பத்திரம் கொண்டுவந்தாலும் வேலை முடிந்த பின் ஒன்று கேட்பேன். கடைசி மாதங்களில் எங்கே இருந்தீர்கள்? ஒரு ரீச்சரைத் தெரியுமா? தனியாக இருந்தவர், புருசன் பிரான்சில், முந்திக் கிறீஸ் கப்பலில் இருந்தவர். பலர் தெரியாது என்றார்கள். சிலர் தெரியும் போல என்றார்கள், கொஞ்சம் கிளறினால் வேறு யாரோவாக இருக்கும். நானும் அவரைப் போலவே கேட்கப் பழகிவிட்டேன், சனங்கள் என்னைப் பார்த்தும் முகம் சுளித்தார்கள். இரண்டாவது வருடத்தின் இறுதியில் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகளோடு ஓல்னேயில் தூரத்து உறவினர் வீட்டில் இருந்தாள். அகதி விண்ணப்பத்துக்குத் தன் கதையை எழுதிக் கொண்டுவந்திருந்தாள். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தாள்.

“மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருக்கிறவ?” என்றாள்.

எனக்கு அது தெரியாது.

“என்ரை ரெண்டு பிள்ளையளும் அவவிட்டைப் படிச்சவை. கடைசியிலை ஒரே பங்கரிலைதான் இருந்தனாங்கள்.” அதற்கு மேல் சொல்லவில்லை. “அவவின்ரை மனுசன் இஞ்சை இருக்கிறாரோ?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் அன்றே ஆற்றைத் தாண்டிப் போய் அந்த உணவகத்தைத் தேடிப் பிடித்தேன். பின்கதவைத் தட்டினேன். நனைந்த ஏப்ரனோடு வந்து நின்றார்.

“அண்ணை, கண்ட ஆள் ஒண்டு வந்திருக்கு.”

ஏப்ரனைக் கழற்றினார். அதை நாலாக மடித்து ஒரு பெட்டி மேல் வைத்தார். “எண்டைக்கு வர வேணும்?” என்றார்.

திங்கட்கிழமை வந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. அந்தப் பெண் ஏற்கெனவே வந்திருந்தாள். முதலாளியிடம் சொல்லிக் கதவில் பூட்டியிருக்கிறது என்ற அட்டையைத் தொங்கவிட்டிருந்தேன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் வெளியே போகிறேன் என்றேன். “நீ இரு, பிள்ளை,” என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை என்ற சொல்.

“தங்கச்சி, நீர் கண்டதை மட்டும் சொல்லும்,” என்றார்.

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கடைசி நாளுக்கு முதல்நாள். ரீச்சருக்கு இடுப்புக்குக் கீழே காயம். சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தது, இரத்தம் நிற்கவில்லை. எல்லாரும் கடலோரமாய் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் இவள் கையில். தூக்க ஆளில்லை. பங்கர் வாசலில் தறப்பாள் ஒன்றை இழுத்து நிழல் பண்ணினாள்.

“அவ என்ன சொன்னவ?”

“பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போ எண்டவ. திரும்பிப் பாராதை எண்டவ.” மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நான் உயிரோடைதான் விட்டிட்டு வந்தனான், அண்ணை. அவ சாகேல்லை. நான் வரேக்கை கண் திறந்துதான் இருந்தவ. நான் இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கேசிலையும் எழுதேல்லை. எப்பிடி எழுதுறது?”

அவள் கையெடுத்துக் கும்பிடப் போனாள். அவர் எழுந்து அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“கும்பிடாதையும்,” என்றார். “நானும் உயிரோடைதான் விட்டிட்டு வந்தனான், தங்கச்சி.”

பிறகு சொன்னார், எங்கள் இருவரையும் பார்க்காமல். கப்பலைக் கட்டிப்போட்டபோது கம்பனி எல்லாருக்கும் ஊர் திரும்ப ரிக்கற் கொடுத்தது. மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். இவர் எடுக்கவில்லை. ஊரிலே பிரச்சினை, பிறகு போவோம் என்று நினைத்தார். அது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. மனைவி மூன்று கடிதம் எழுதினார், வாங்கோ, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு எங்கையாவது போங்கோ என்று. அந்தத் துறைமுகத்தில் அவரை ஒருவரும் எதற்கும் எதிர்பார்க்கவில்லை. காலையில் வலை, மாலையில் மதில். அது அவருக்குப் பிடித்திருந்தது. நாலு வருடம் போனது தெரியவில்லை. கடைசியில் பாரிஸுக்கு வந்து கூப்பிட்டபோது, இனி என்னத்துக்கு என்று அவ எழுதினாவாம். நாலாவது கடிதம் அது.

கீழே யாரோ வாழைக்காய் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“தண்ணி குடுத்தனீரோ?” என்று கேட்டார்.

“ஓம். போத்திலைக் கைக்கெட்ட வைச்சனான்.”

“நிறையத் தண்ணியோ?”

அவள் யோசித்தாள். சரியாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் விளங்கியிருந்தது.

“அரைப் போத்தில், அண்ணை.”

அவர் தலையை அசைத்தார். அவளுடைய பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டார், என்ன வகுப்பு என்று கேட்டார். அவளோடு படியிறங்கி ஓல்னே ரயிலில் கூடவே போனார். போகும்போது அவளிடம் ஒன்று மட்டும் சொன்னாராம், விட்டிட்டு வந்ததையும் கேசிலை எழுது, கேக்கிற ஆக்கள் கண்டதைச் சொல்லுற ஆளை அறிவினம் என்று. அவள் திரும்பி வந்து அதையும் சேர்த்து எழுதச் சொன்னாள். எழுதினேன். அவளுக்கு விசா கிடைத்தது. அதனால்தான் கிடைத்தது என்று என்னால் சொல்ல முடியாது.

அதற்கு மறு வாரம் அவர் வந்து யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தார். அந்தக் குடியிருப்புப் படிவம் புதிது ஒன்று கையில் இருந்தது.

“நிரப்பு, பிள்ளை.”

நிரப்பினேன். குடும்ப நிலை வந்ததும் பேனாவை நிறுத்தினேன். மணமானவர் என்று போடவா என்று கேட்டேன்.

“அண்டைக்கு நீ போட்ட இடத்திலை போடு.”

“அண்ணை, அந்த அக்காவும் சாவைக் காணேல்லைத்தானே. உயிரோடை விட்டிட்டு வந்ததெண்டுதானே சொன்னவ.”

“அரைப் போத்தில் தண்ணி, பிள்ளை,” என்றார். “வைகாசி வெயில்.”

நான் குறி போட்டேன். மரணப் பத்திரத்துக்குப் பதிலாக அந்தப் பெண் கையெழுத்திட்ட சாட்சிக் கடிதத்தை இணைத்தோம். அது போதுமா என்று எனக்குத் தெரியாது. யாரோ ஒரு அதிகாரி, நான் கண்டிராதவர், போதும் என்று முடிவெடுத்தார். ஆறு மாதத்தில் எபினேயில் அறை கிடைத்தது.

ஒரு மத்தியானம் அவரைப் பார்க்கப் போனேன். நாலாம் மாடி. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு சின்ன அடுப்பு, எல்லாம் துடைத்து வைத்திருந்தது. யன்னலுக்கு வெளியே செய்ன் ஆறு தெரிந்தது, மணல் ஏற்றிய ஒரு தட்டைப் படகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். லா சப்பலுக்கு வாறதில்லையா என்று கேட்டேன். முதுகு, என்றார். ஓல்னே அக்காவின் பிள்ளைகள் ஒருமுறை வந்ததாகச் சொன்னார். வேறு யாரும் வந்ததாகச் சொல்லவில்லை.

“யன்னலாலை ஆறு வடிவாத் தெரியுது, அண்ணை. படகு ஒண்டு போகுது,” என்றேன்.

“ஓமோ,” என்றார். “நீ சொன்னால் சரி, பிள்ளை.”

அவர் யன்னல் பக்கம் திரும்பவில்லை.